புதிய செவிலியின் முதல் ஆண்டு
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தனர். நமது கல்வி நிதியின் உதவியால் செவிலியர் கல்வி கற்ற பெண்கள் இருவர், சென்னையில் பெரிய வைத்தியசாலைகளில் வேலைக்கு அமர்ந்து, ஆறு திங்கள் நிறையுமுன் ஊர் திரும்பிவிட்டனர். இனி இக்கல்விக்குப் பொருள் கொடுப்பது தகுமோ என்பது அவ்வினா. வினவியவரை யாம் குறை கூறோம். பொதுப் பணத்திற்குக் கணக்குக் கேட்பார் இல்லாத சங்கம் நெடுநாள் நில்லாது. ஆயினும் அதற்கு விடை கூறும் கடமை எமக்கு உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் அத்தொழிலில் இருந்து ஓய்வு பெற்றோம் என்பது ஒரு காரணம். யாமும் ஆறாம் திங்களில் பெட்டி கட்டி வைத்தவரே என்பது மற்றொன்று.

யாம் ஒரு சிறிய ஊரில் பயிற்சி பெற்றோம். ஆங்கு ஒரு மாணவிக்கு இரண்டு அல்லது மூன்று நோயாளிகளே பொறுப்பு. பக்கத்தில் ஆசிரியை நிற்பார். ஊசியில் மருந்தை ஏற்றியதும் அவரிடம் காட்டுவோம். அவர் தலையசைத்த பின்னரே நோயாளியிடம் செல்வோம். 1984-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு பெரிய வைத்தியசாலையின் பெண்கள் வார்டில் எம்மைக் கொண்டு விட்டபொழுது, கட்டில்கள் நாற்பது. கட்டில் கிடையாமல் தரையிற் பாய் விரித்துப் படுத்திருந்தோர் பதினைவர். இரவுப் பொழுதில் இத்தனை பேருக்கும் செவிலியர் இருவர். அவருள் ஒருவர் உணவு உண்ணச் சென்றால் மற்றவர் தனியர். ஒருத்திக்குக் குளுகோஸ் பாட்டில் தீரும்; மற்றொருத்தி மூச்சு முட்டி எழுந்து உட்காருவாள்; மூலையில் ஒரு கிழவி "தண்ணீர், தண்ணீர்" என்பாள்; அதே வேளையில் வாயிற்கதவருகே புதிய நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்து நிறுத்துவர். எதை முதலிற் செய்வது? எல்லாவற்றையும் எப்படிச் செய்வது என்று பள்ளியிற் கற்றிருந்தோம். எதை இப்பொழுது செய்யாமல் விடலாம் என்பதை ஒருவரும் கற்பிக்கவில்லை.

இஃது எம் ஒருவருக்கு வந்த இடர் அன்று. அமெரிக்க நாட்டில் மார்லின் கிரேமர் என்னும் செவிலியர் அறிஞர், புதிதாகத் தேறிய செவிலியர் வேலைக்கு வந்தவுடன் கொள்ளும் அதிர்ச்சியை ஆராய்ந்து, 1974-ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதி வெளியிட்டனர். பள்ளி கற்பித்த ஒழுங்கு வேறு, வார்டின் நடைமுறை வேறு என்று காணும் பெண், முதலில் சில வாரம் மகிழ்ந்திருந்து, பின் திடீரென மனம் உடைகின்றாள் என்பது அவர் கண்டது. பத்தாண்டு கழித்து, 1984-இல், பட்ரீசியா பென்னர் என்பார், செவிலியின் திறமை ஐந்து படிகளாக ஏறுவதை விளக்கினார். நடுப்படியாகிய தேர்ச்சியை எய்தவே ஒரே வகை வேலையில் இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும் என்பது அவர் கருத்து. நாமோ ஆறு திங்களில் தீர்ப்புச் சொல்லுகின்றோம்.

நிற்க. யாம் பெட்டி கட்டிய கதையைச் சொல்லிவிடுகின்றோம். சொல்ல நாணமே, எனினும் ஈண்டு மறைத்தால் இப்பிரசங்கத்தாற் பயன் இல்லை. எமது வார்டில் ஒரே பெயருடைய மூதாட்டியர் இருவர் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தனர். ஒருவர் நீரிழிவு நோயினர்; மற்றவர் ஆஸ்துமாவால் வந்தவர், காதும் மந்தம். இரவு முழுவதும் கண் விழித்தபின், விடியற்காலையில் உணவிற்கு முன் போடவேண்டிய இன்சுலினை எடுத்துக்கொண்டு சென்றோம். பெயரை யாமே சொல்லி, "நீங்கள் தானே பாட்டி?" என்று கேட்டோம். அவர் சிரித்துத் தலையசைத்தார். எது கேட்டாலும் அவர் அப்படியே தலையசைப்பார் என்பது பின்னர் விளங்கிற்று. ஊசியைப் போட்டுவிட்டுத் திரும்பும்பொழுது கட்டிலிற் கட்டியிருந்த சீட்டைக் கண்டோம். நீரிழிவு நோயினர் அடுத்த கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தார்.

அந்நேரத்தில் எம் மனம் நினைத்ததை உள்ளபடி கூறுவோம்: ஒருவரும் பார்க்கவில்லை என்பதே முதல் நினைவு. இரண்டாம் நினைவு வருவதற்குள் கால்கள் தலைமைச் செவிலியின் மேசைக்குச் சென்றுவிட்டன. அவர் அப்பொழுது எம்மைக் கடியவில்லை. பாட்டிக்குச் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுக்கச் செய்து, வைத்தியரை வரவழைத்து, இரத்த நாளத்தில் குளுகோஸ் ஏற்றச் செய்தார். சாதாரண இன்சுலின் அரை மணியில் வேலை தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்திற்குள் உச்சம் எய்தும். ஆகையால் நண்பகல் வரையில் பாட்டியின் அருகே ஆள் வைத்து இரத்தச் சர்க்கரையைப் பலமுறை சோதித்தனர். எட்டு மணியளவில் அவருக்கு உடல் வியர்த்தது; கை நடுங்கிற்று; பின் தெளிந்தது. யாம் வாய் மூடியிருந்திருந்தால், அவ்வியர்வையை ஆஸ்துமாவின் களைப்பென்று எவரும் எண்ணியிருப்பர்.

வைத்தியர் எல்லார் முன்னும் திட்டினார்; தகும். அன்று மாலை விடுதியிற் பெட்டியைக் கட்டினோம். தலைமைச் செவிலி வந்து பெட்டியைப் பார்த்தும் பாராதவர் போல, "நாளைக் காலை இன்சுலின் நீதான் போட வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன்" என்று சொல்லிச் சென்றார். பத்து நாள் அவ்வாறே நின்றார். பெயரை நீ சொல்லாதே, நோயாளியின் வாயால் சொல்லச் செய், பின் உள்நோயாளி எண்ணைச் சீட்டோடு ஒத்துப் பார் என்று அவர் கற்பித்ததை எமது கடைசி நாள் வரை விடவில்லை. இக்காலத்தில் வைத்தியசாலைகள் பலவும் இதனையே விதியாக வைத்துள்ளன.

அன்பர்களே! ஊர் திரும்பிய அவ்விரு பெண்களையும் சென்ற வாரம் கண்டு பேசினோம். ஒருத்திக்குப் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. வேலைக்கு வந்த மூன்றாம் வாரமே தனியாக இரவுப் பொறுப்பு. இன்சுலினில் நம் நாட்டில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு. 100 யூனிட் உள்ள குப்பியும் உண்டு. முன்னதற்கு உரிய ஊசி சிவப்பு மூடியது. பின்னதற்கு உரியது ஆரஞ்சு மூடியது. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் பத்து என்னும் கோடு வரை ஏற்றினால், உடலிற் சேர்வது பத்து யூனிட் அன்று, இருபத்தைந்து. இதில் ஐயம் வந்து அப்பெண் ஒருநாள் மூத்தவர் ஒருவரைக் கேட்க, "இதுகூடத் தெரியாமலா பட்டம் வாங்கினாய்?" என்று அவர் நகைத்தனராம். அதன்பின் அவள் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேளாமல் வேலை செய்ய அஞ்சி ஊர் வந்து சேர்ந்தாள். அவள் அஞ்சியது தவறென்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. ஐயத்தோடு ஊசியைக் கையிலெடுக்காதவள் நல்ல செவிலி ஆவாள். அவளை இழந்தது அந்த வார்டு.

மற்றவளின் கதை வேறு. அவள் உறவினர் வீட்டில் தங்கினாள். இரவுப் பணி முடித்து, இரண்டு பஸ் மாறிக் காலை ஒன்பது மணிக்கு வீடு சேர்வாள். படுத்தால் மிக்ஸி ஓடும், தொலைக்காட்சி பேசும், விருந்தினர் வருவர், "பகலில் தூங்கும் பெண்" என்று ஒரு பெயரும் வரும். மாலையில் மீண்டும் பஸ். இத்துடன், வரன் பார்க்க வந்தோர் "இரவு வேலையா?" என்று முகம் சுளித்தனர் என்று பெற்றோரே அழைத்துக்கொண்டனர். சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் பதிவிற்கென 1926-ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. வேலூரிலும் தில்லியிலும் 1946-இல் இதற்குப் பட்டப் படிப்புத் தொடங்கிற்று. இத்தனை காலம் சென்ற பின்னும், நம் வீட்டு நோயாளிக்கு இரவில் செவிலி வேண்டும், நம் வீட்டு மருமகள் மட்டும் இரவில் செவிலியாக இருத்தல் ஆகாது என்றால், இதனை என்னென்பது!

ஆதலின் நிதியை நிறுத்த வேண்டா என்பதே எமது விடை. கொடுப்பதில் ஒரு பகுதியை வேறிடத்தில் கொடுங்கள். நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பிற்குத் தரும் தொகையிற் சிறிது பிடித்துவைத்து, வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு திங்களுக்கு, வைத்தியசாலைக்கு நடந்து செல்லும் தூரத்தில் ஓர் அறையின் வாடகையாகக் கொடுக்கலாம். சன்னலுக்குக் கனத்த திரையும் வாங்கிக் கொடுங்கள். பகலில் உறங்க வேண்டும். நமது சங்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர் எம்மோடு மூவர் சென்னையில் உள்ளோம். ஞாயிறுதோறும் எம் இல்லத்தில் கூடுவோம். எந்தக் கேள்வியையும் அங்கே கேட்கலாம், நகைப்பார் இல்லை. நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்தாலும் எடுப்போம். எமக்கு உறக்கம் குறைந்து பல ஆண்டுகள் ஆயின. ஆனால் மருந்தைப் பற்றிய ஐயமாயின், முதலில் அவ்வார்டில் உள்ள மூத்தவரையோ வைத்தியரையோ கேட்ட பின்னரே எம்மைக் கேட்க வேண்டும்.

இவ்வாண்டு தேறிய பெண்கள் நால்வர் இக்கூட்டத்தில் இருப்பதாகச் செயலாளர் கூறினர். அவர்களும் அவர்தம் தாய்மாரும் சிற்றுண்டிக்குப் பின் சிறிது நேரம் இருந்து செல்க. வெற்றுக் குப்பிகள் இரண்டும், சிவப்பு மூடி ஊசி ஒன்றும், ஆரஞ்சு மூடி ஊசி ஒன்றும் எம் பையில் உள்ளன.