தென்னை மரத்திற்குச் சக்தி வைத்தியமா?

(வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தென்னை விவசாயிகள் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் மந்திரிப்பதும், மாட்டுக்குக் கோமாரி வந்தால் கயிறு கட்டுவதும் நாம் நெடுநாளாய்ப் பார்த்து வந்த சங்கதி. இப்போது மரத்திற்கும் மந்திரிக்கக் கிளம்பியிருக்கிறார்கள். ஆனால் மந்திரம் என்று சொன்னால் படித்தவன் சிரிப்பான் என்று தெரிந்து, அதற்குச் "சக்தி வைத்தியம்" என்றும், "பிராண சிகிச்சை" என்றும், "பிரபஞ்ச சக்தி" என்றும் புதுப்பேர் வைத்திருக்கிறார்கள். சட்டை மாறியதே ஒழிய ஆள் மாறவில்லை.

இந்தப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். பேர் வேண்டாம். அவருக்கு இருப்பது முப்பது தென்னை. அதுதான் அவருடைய சொத்து, மகளின் கல்யாணம், வீட்டின் அடுப்பு எல்லாம். ஒரு மரத்தின் அடித்தண்டில் சிறு துவாரமும், அதிலிருந்து பழுப்பு நிறத்தில் சாறும் வடிந்தது. பட்டணத்திலிருந்து ஒருவர் வந்து, மரத்துக்குப் பத்தடி தள்ளி நின்று, கைகளை நீட்டிக் கண்ணை மூடி, "மரத்தைச் சுற்றியுள்ள ஒளிவட்டம் கிழிந்திருக்கிறது, இருபத்தொரு நாள் சக்தி செலுத்தினால் கூடிவிடும், அதுவரை வேறு மருந்து வைத்தால் சக்தி தடைபடும்" என்றார். காசும் வாங்கினார். இருபத்தொரு நாள் முடிவதற்குள் ஒரு சாதாரணக் காற்றில் மரத்தின் கொண்டை முறிந்து விழுந்தது. அடுத்த இரண்டு மரங்களிலும் சாறு வடியத் தொடங்கிற்று. கேட்டதற்கு, "உம் மனசில் சந்தேகம் இருந்தது, அதனால் சக்தி ஏறவில்லை" என்று பதில் வந்தது.

விழுந்த மரத்தை நாம் உடன் நின்று பிளந்து பார்த்தோம். உள்ளே தண்டு கூழாய்ப் போய், கட்டைவிரல் பருமன் புழுக்களும், நாரால் சுற்றிய கூடுகளும் நிறைந்திருந்தன. ஒளிவட்டம் ஒன்றையும் காணோம்!

நாம் இதைச் சொல்லுவது அந்த விவசாயியைப் பரிகசிப்பதற்காக அல்ல. நாமும் சிறுவயதில், தகப்பனார் சொற்படி, குரும்பை உதிர்ந்த தென்னைக்குக் கண்ணேறு கழிய எலுமிச்சையும் மிளகாயும் கட்டினவர்கள்தான். மரம் செத்தது, எலுமிச்சம்பழம் மாத்திரம் காய்ந்து தொங்கிற்று. ஆகவே ஏமாந்தவன் வலி நமக்குத் தெரியும்.

நிற்க, மரத்தைத் தின்றது யார் என்று பார்ப்போம். தென்னைக்குச் சத்துரு முக்கியமாய் இரண்டு வண்டுகள். ஒன்று காண்டாமிருக வண்டு. கறுப்பாய், தலையில் கொம்போடு இருக்கும். நாம் தோட்டத்து மூலையில் குவிக்கிற எருக்குழியிலும், மக்கிய மரக்கட்டையிலும் இதன் புழு வளர்கிறது. வளர்ந்த வண்டு இரவில் பறந்து வந்து, விரியாத குருத்தைக் குடைகிறது. ஓலை விரிந்தபின் கத்தரிக்கோலால் வெட்டினது போல் முக்கோணமாய்த் தெரியும்.

மற்றொன்று சிவப்புக் கூன்வண்டு. இது முந்தினதைவிடக் கொடியது. மரத்தில் காயம் எங்கே இருக்கிறதென்று தேடி வந்து, அதில் முட்டையிடும். அரிவாள் வெட்டானாலும் சரி, காண்டாமிருக வண்டு குடைந்த காயமானாலும் சரி. புழு ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை தண்டுக்குள்ளேயே தின்கிறது. வெளியே மரம் பச்சையாய் நிற்கும். தண்டில் காதை வைத்தால் உள்ளே கறுக்குக் கறுக்கென்று கேட்கும். சாறு வடிவதைக் கண்ட அன்றே புழு நெடுந்தூரம் உள்ளே போயிருக்கும். அப்படிப்பட்ட மரத்திற்கு இருபத்தொரு நாள் கையை நீட்டிக்கொண்டு நிற்பது, புழுவுக்கு இருபத்தொரு நாள் விருந்து வைப்பதாகும். சக்தி வைத்தியத்தால் போவது காசு மாத்திரமல்ல, நாள். காசு திரும்பி வரலாம், நாள் வருமா?

"அப்படியானால் சில மரம் பிழைத்ததே, அது எப்படி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தென்னை மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மட்டை புதிதாய் விடுகிறது. காண்டாமிருக வண்டு கடித்துவிட்டுப் போனால், குருத்தின் வளரும் நுனி தப்பியிருந்தால், சில மாதத்தில் நல்ல ஓலை தானே வரும். இடையில் வந்து கை காட்டினவர் தம்மால் வந்தது என்கிறார். சேவல் கூவினதால் பொழுது விடிந்தது என்பது போல! பிழைத்தால் சக்தி, செத்தால் உம் சந்தேகம் என்றால், எந்த வைத்தியன்தான் தோற்பான்?

இந்தக் கூத்து நம் ஊரில் மாத்திரமல்ல. கொடைக்கானல் மலையில் பைன் மரம் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்த மரக் காடுகளைப் பட்டை வண்டு என்ற ஒரு சிறு பூச்சி அழிக்கிறது. பட்டையின் கீழே துளைத்து முட்டையிட்டு, கூடவே ஒரு பூஞ்சையையும் கொண்டுபோய், மரத்தில் உணவும் நீரும் ஓடும் வழியை அடைக்கிறது. மரம் பிசினைக் கக்கி வண்டை வெளியே தள்ளப் பார்க்கும். மழை பொய்த்தால் பிசின் குறையும். கடுங்குளிர் வந்தால் புழு சாகும். பூமி சூடேறி அந்தக் குளிர் குறைந்ததால் புழு பிழைத்தது. 1990களுக்குப் பின் கனடாவின் மேற்குப் பகுதியில் கோடிக்கணக்கான ஏக்கர் காட்டை அது பாதித்தது. அங்கேயும் காட்டுக்குச் சக்தி செலுத்துகிறோம் என்பவர்கள் உண்டு. காரணம் தெரிந்த பின்னும் கையை நீட்டுகிறவன் எந்தத் தேசத்தானாயிருந்தால் என்ன?

நம் அரசாங்கங்களோ இன்னும் மேல். 2015இல் மத்திய விவசாய மந்திரியாயிருந்த ராதா மோகன் சிங், ராஜயோகத்தால் விதைக்கு நற்சக்தி ஏற்றும் "யோக விவசாயத்தை" ஆதரித்துப் பேசினார். 2018இல் கோவா அரசாங்கம், வயலில் தினம் இருபது நிமிஷம், இருபது நாள் மந்திரம் ஓதும் விவசாயத்தை ஆதரித்தது. விஞ்ஞான மனப்பான்மை வளர்ப்பது குடிமக்கள் கடமை என்று 1976 முதல் அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது. கடமை குடிகளுக்குத்தானா, மந்திரிகளுக்கு இல்லையா?

"மரத்திற்கு உயிரும் உணர்ச்சியும் உண்டென்று ஜகதீஷ் சந்திர போஸ் காட்டவில்லையா?" என்று சக்திக்காரர்கள் கேட்கிறார்கள். போஸ் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை; செடியின் நுண்ணிய வளர்ச்சியை அளக்கக் கருவி செய்து, பிறர் முன்னிலையில் காட்டினார். இவர்களும் காட்டட்டுமே! ஒரே தோப்பில் வண்டு கடித்த இருபது மரம் எடுப்போம். சீட்டுப் போட்டுப் பத்துக்குச் சக்தி, பத்துக்கு ஒன்றுமில்லை. எது எதென்று அறியாத ஒருவர் ஆறு மாதம் கழித்து எண்ணட்டும். கலியாணத்துக்கு வாங்குகிற மாட்டையே பல் பிடித்துப் பார்க்கிற நாம், இதைக் கேட்பது தவறா?

மதுரைக்குக் கடம்பவனம் என்று பேர். மீனாட்சியம்மன் கோவிலின் தலவிருட்சமாகிய கடம்ப மரம் பட்டுப்போய், அதன் மிச்சம் இன்றும் கோவிலுக்குள் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அத்தனை பூஜையும் மந்திரமும் நடக்கிற இடத்திலேயே மரம் மரமாய்த்தான் வாழ்ந்தது, மரமாய்த்தான் பட்டது. உம் தோப்புத் தென்னைக்குத் தனி விதியா?

சரி, செய்ய வேண்டியது என்ன? எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள். அதில் பச்சை மஸ்கார்டைன் என்ற பூஞ்சையை இட்டால் புழு நோய்ப்பட்டுச் சாகும். செத்த மரத்தைத் தோப்பில் போட்டு வைக்காதீர்கள். குருத்துக்குள் இருக்கும் வண்டைக் கம்பிக் கொக்கியால் எடுக்கச் சொல்லுங்கள். மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து வையுங்கள். மண்சட்டியில் ஆமணக்குப் புண்ணாக்கை ஊறவைத்தால் வண்டு வந்து விழும். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து நாலடி தள்ளி வெட்டுங்கள். கூன்வண்டுக்கு இனக்கவர்ச்சிப் பொறி உண்டு. சாறு வடிந்தால் அன்றைக்கே கேளுங்கள். யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் விவசாயக் கல்லூரி இருக்கிறது. மீட்க முடியாத மரத்தை வெட்டிப் பிளந்து கொளுத்துங்கள். ஒரு மரத்தின்மேல் இரக்கப்பட்டு முப்பதை இழக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஜனங்கள் சக்திக்காரரிடம் ஏன் போகிறார்கள்? அவர் கூப்பிட்ட அன்றே வருகிறார், மரத்தின் முன் நிற்கிறார், குடியானவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார். படித்த அதிகாரிகள் அந்த மரியாதையைக் கொடுத்தால் பாதி வியாபாரம் படுத்துவிடும். மீதிப் பாதி உங்கள் கையில். இந்தக் கூட்டம் கலைந்ததும், வீட்டுக்குப் போகுமுன் தோப்புக்குப் போங்கள். தண்டில் காதை வையுங்கள். மரம் உங்களிடம் பேசும். இடையில் தரகர் வேண்டியதில்லை.