ஒழுகுற வீட்டுக்கு யாரைக் கூப்பிடுவது?

ஐப்பசி பிறந்தா நமக்கு வீட்டுக் கவலைதான். எங்க அடுப்படிச் சுவர் ஓதம் ஏறினப்ப, குழுவுல 30,000 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடி முழுக்க ஒழுகல் தடுப்பு பெயிண்ட் அடிச்சோம். யோசனை சொன்னது பெயிண்ட் விற்றவர். சித்திரை வெயிலிலும் சுவர் காயலை.

அப்புறம்தான் ஒரு சிவில் இன்ஜினியர் அம்மாவுக்குப் பார்வைக் கட்டணம் கொடுத்துக் கூப்பிட்டோம். "மழை இல்லாத நாளிலும் நனையுதா?" இதுதான் அவங்க முதல் கேள்வி. தொட்டியிலிருந்து சுவருக்குள்ள இறங்குற குழாய் கசிஞ்சிருக்கு! சரிசெய்ய 4,000 ரூபாய்தான். பெயிண்ட் கடனுக்கு இன்னும் தவணை கட்டுறேன்.

அதனால, பொருள் விற்காத ஆலோசகரைத் தேடுங்க. சிவில் படிச்சவரா இருக்கணும். மாடி ஏறித் தட்டோட்டு இணைப்பு, கைப்பிடிச் சுவர் ஓரம், தண்ணி வடியும் வாட்டம், குழாய் வாய் எல்லாம் பார்க்கணும். ஒரு மழைக்காலம் தாண்டின, அவர் சரிசெய்த இரண்டு வீட்டையாவது போய்க் கேளுங்க. காரணம், வேலை, பொருள், அளவு நாலையும் எழுதி வாங்குங்க. திருப்பரங்குன்றம் பக்கம், 1957இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரியின் சிவில் துறையிலும் விசாரிக்கலாம்.

கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிஞ்சா பூசி மறைக்காதீங்க. அது உயிருக்கே ஆபத்து, உடனே காட்டுங்க.

இனி வீடு பழுதுபார்க்கக் கடன் கேட்டா, அந்த எழுத்துக் காகிதத்தையும் மனுவோடு வைக்கணும்னு ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போடுவோம்.