போர்டை எந்த ஊரில் மாட்டப் போகிறாய்?

(பல் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்க ஏற்றது உள்நாடா, வெளிநாடா என்ற பட்டிமன்றத்தில் ‘உள்நாடே’ என்ற அணியில் பேசியது)

வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் முறுக்கைக் கடித்துக்கொண்டு எங்களைப் பார்க்கும் அன்பு உள்ளங்களே! முறுக்கைக் கொஞ்சம் மெதுவாகக் கடியுங்கள். இன்றைக்குத் தலைப்பே பல்லைப் பற்றியது! (சிரிப்பு)

“தமிழ் வாத்தியாருக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?” என்று எதிரணி அம்மையார் கேட்டுவிட்டுப் போனார். இருக்கிறது அம்மா! எழுத்து எங்கெங்கே பிறக்கிறது என்று சொல்ல வந்த தொல்காப்பியர் எட்டு இடங்களை எண்ணுகிறார். அந்த எட்டில் பல்லும் ஒன்று. ‘பல்லுப் போனால் சொல்லுப் போச்சு’ என்று கிராமத்துக் கிழவி சொல்வதும் அதே இலக்கணம்தான். முன்பல் விழுந்தவரை ‘தந்தை’ என்று சொல்லச் சொல்லிப் பாருங்கள். தந்தை எங்கேயோ போய்விடுவார், காற்றுத்தான் வரும்! (சிரிப்பு)

எதிரணியினர் என்ன சொன்னார்கள்? இங்கே நீட் தேர்வு கடினம், தனியார் கல்லூரிக் கட்டணம் கழுத்தை நெரிக்கிறது, வெளிநாட்டில் சுலபமாக இடம் கிடைக்கிறது என்றார்கள். கட்டணம் நெரிப்பது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் ‘எங்கே இடம் கிடைக்கும்?’ என்பது இரண்டாவது கேள்வி ஐயா. பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது வேறு கேள்வி. “தம்பி, நீ டாக்டராகி எந்த ஊரில் போர்டு மாட்டப் போகிறாய்?”

ஏன் அதைக் கேட்க வேண்டும்? பட்டம் வேறு, தொழில் செய்யும் உரிமை வேறு. பட்டத்தைக் கல்லூரி கொடுக்கும். உரிமையை நாடுதான் கொடுக்கும். வெளிநாட்டில் பல் மருத்துவப் பட்டம் வாங்கித் திரும்பும் நம் பிள்ளை, இங்கே தகுதித் தேர்வு ஒன்றை எழுதித் தேறி, பதிவு செய்த பிறகுதான் ஒரு பல்லைத் தொடலாம். மற்ற நாடுகளும் இப்படித்தான். இங்கே பி.டி.எஸ். முடித்தவர் அமெரிக்கா போனால், அங்கே தேசியத் தேர்வு எழுதி, பெரும்பாலான மாநிலங்களில் மறுபடியும் இரண்டு மூன்று வருஷம் கல்லூரியில் உட்கார வேண்டும். இங்கிலாந்திலும் வெளிநாட்டுப் பட்டதாரிக்குத் தனித் தேர்வு உண்டு. விமானத்தில் பெட்டியை ஏற்றலாம் ஐயா, உரிமையை ஏற்ற முடியாது! (கைதட்டல்)

என் நண்பர் ஒருவர். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு நீட்டில் மதிப்பெண் குறைவு. ஒரு ஏஜென்ட் வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் வண்ணப் படம் போட்ட புத்தகம். “சார், கையெழுத்துப் போடுங்க, பையன் டாக்டர்” என்றார். நண்பர் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தார். திரும்பி வந்தால் இங்கே ஒரு தேர்வு உண்டு என்று அந்த ஏஜென்ட் வாயே திறக்கவில்லை. நண்பரும் கேட்கவில்லை. ஐந்து வருஷம் கழித்துப் பையன் வந்தான். அதற்கு முன்பே அப்பா ஆசை ஆசையாய்ப் போர்டு எழுதி வைத்துவிட்டார். நீல எழுத்து, மகன் பெயர், பக்கத்தில் பட்டம்.

அந்தப் போர்டு வாசலில் ஏறவில்லை ஐயா. கூடத்து மூலையில், எழுத்துச் சுவரைப் பார்த்தபடி, இரண்டு வருஷம் நின்றது. பையன் தேர்வு எழுதினான், தவறினான், மறுபடி எழுதினான். விருந்தாளி வந்து “இது என்னங்க?” என்று கேட்டால், அந்தத் தாய் சொல்வார்: “பெயிண்ட் இன்னும் காயலைங்க.” (சிரிப்பு) நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் முதல் நாள் சிரித்தேன். இரண்டாவது வருஷமும் அவர் அதையே சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பையன் தேறிவிட்டான். இப்போது நல்ல டாக்டர். அவன் என்னிடம் சொன்னான்: “ஐயா, அங்கே நோயாளி பேசுவது எனக்குப் புரியாது. பக்கத்தில் ஒருவர் இங்கிலீஷில் சொல்வார். இங்கே வந்து முதல் பாட்டி ‘தெறிக்குது தம்பி’ என்றபோதுதான், வலி என்றால் என்ன என்று காதால் கேட்டேன்.”

நம் ஜனங்களுக்குப் பல்வலியைச் சொல்ல எத்தனை சொல் பாருங்கள்! ‘ஐஸ் தண்ணி பட்டா கூசுது’ என்றால் ஒன்று. பல்லின் மேற்பூச்சு தேய்ந்திருக்கும், அல்லது ஈறு இறங்கியிருக்கும். ‘விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, ராத்திரி பூரா தூக்கமில்லை’ என்றால் வேறு. சொத்தை உள்ளே நரம்பு வரைக்கும் போயிருக்கும். கூசுவதற்கும் தெறிப்பதற்கும் வைத்தியம் வேறு வேறு. அந்த வித்தியாசத்தை மொழிபெயர்ப்பாளர் தருவாரா? அம்மா சொல்லிக் கொடுத்த மொழி தரும்! (கைதட்டல்)

வாயும் ஊருக்கு ஊர் மாறும். தர்மபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. பாக்கை மென்று மென்று வாய் இறுகி, ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கூடத் திறக்க முடியாதவர்கள் நம் மருத்துவமனைக்கு வருகிறார்கள். பாக்குப் பழக்கமே இல்லாத ஊரில் படிக்கும் மாணவன் இதைப் புத்தகத்தில்தான் பார்ப்பான். நம் மாணவனோ நோயாளியின் வாயிலேயே பார்ப்பான். கடைசி ஆண்டுகளில் மருத்துவமனையில்தானே அவன் படிப்பு! பல் வைத்தியம் கைத்தொழில் ஐயா. கை பழக வேண்டிய இடத்தில் பழக வேண்டும்.

எதிரணி நண்பர் ஒரு பெரிய பெயரைச் சொன்னார். இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை டாக்டர் ரஃபியுதீன் அகமது, அமெரிக்காவில் ஐயோவாவில் படித்தவர்தானே என்றார். ஆமாம், படித்தார். அப்போது இங்கே ஒரு பல் மருத்துவக் கல்லூரிகூடக் கிடையாது. போனவர் என்ன செய்தார்? திரும்பி வந்து 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்குப் பணம் சேர்க்க சோடா, ஐஸ்கிரீம் விற்கும் கடை ஒன்று நடத்தினார். ஐஸ்கிரீம் விற்றே பல் மருத்துவக் கல்லூரி! (சிரிப்பு) தனக்குப் பின்னால் வருகிறவன் கப்பல் ஏற வேண்டாம் என்றுதானே அந்த மனிதர் சோடா விற்றார்? நண்பர் காட்டிய சாட்சி என் சாட்சி நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)

சென்னையில் 1953-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்தது. சிதம்பரத்தில் இருக்கிறது. 2023-இல் புதுக்கோட்டையிலும் வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்த பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, பல் மருத்துவத்துக்கும் உண்டு. எம்.பி.பி.எஸ்.சுக்கும் பி.டி.எஸ்.சுக்கும் ஒரே நீட்தான். முதலில் இந்தக் கதவையெல்லாம் தட்டுங்கள். ஒரு வருஷம் காத்திருந்து மறுபடி தட்டினாலும் குற்றமில்லை. போர்டு சுவரைப் பார்த்து நின்ற அந்த இரண்டு வருஷத்தை விட இது சின்ன வருஷம்.

அப்படியும் வெளிநாடு என்றால், ஏஜென்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள். “அங்கே நோயாளி என்ன பாஷை பேசுவார்? அந்த நாடு என் பிள்ளையைத் தொழில் செய்ய விடுமா? திரும்பி வந்தால் இங்கே என்ன தேர்வு?” மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு பேனாவை எடுங்கள்.

“அமெரிக்காவில் குடியேறிய என் அண்ணன் மகன் எங்கே விண்ணப்பிப்பான்?” என்று அம்மையார் மடக்கினார். அங்கேயே விண்ணப்பிக்கட்டும் அம்மா! நாலு வருஷம் கல்லூரி, ஒரு நுழைவுத் தேர்வு, மறுபடி நாலு வருஷம் பல் மருத்துவம் என்று அந்த ஊர் முறையில் படிக்கட்டும். அவன் போர்டு மாட்டப் போவது நியூஜெர்சியில். அவனுக்கு அதுதானே உள்நாடு? அவனும் எங்கள் அணிதான்! (சிரிப்பு, கைதட்டல்)

பெற்றோர்களே, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் பிள்ளையின் போர்டை மனசுக்குள் ஒரு வாசலில் மாட்டிப் பாருங்கள். அது எந்தத் தெரு என்று தெரிந்தால், எந்தக் கல்லூரி என்பது தானே தெரியும். எந்த வீட்டுக் கூடத்திலும் இன்னொரு போர்டு சுவரைப் பார்த்து நிற்க வேண்டாம் என்று கேட்டு, பல் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க ஏற்றது உள்நாடே, உள்நாடே என்று கூறி அமர்கிறேன்.