அந்த அக்கா தமிழில் சொல்லவே இல்லையே!

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆங்கிலக் கேட்டல் திறன் தேர்வுக்கு மாணவர்களை எப்படித் தயார் செய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். வழிமுறைகளுக்கு முன்பு, என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளி ஹைடெக் ஆய்வகத்தில் ஏழாம் வகுப்புக்குக் கேட்டல் பயிற்சி வைத்தேன். ஹெட்போனில் ஒரு பெண் குரல், ரயில் நிலையத்தில் நடக்கும் உரையாடல், 5 கேள்விகள். எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே முன்னணியில் இருக்கும் மாணவி ஒருத்தி ஐந்தையும் எழுதாமல் விட்டிருந்தாள். "ஏம்மா, சத்தம் கேக்கலையா?" என்றேன். "கேட்டுச்சு டீச்சர். அந்த அக்கா தமிழ்ல சொல்லவே இல்லையே. சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்கு ஆங்கிலம் எடுப்பவள் நான்தான். ஒரு வரி வாசிப்பேன். அடுத்த மூச்சிலேயே தமிழில் சொல்லிவிடுவேன். தமிழ் வரும்போது கவனித்தால் போதும் என்று அவள் காது பழகிவிட்டது. தேர்வில் அந்தத் தமிழ் வராது.

ஏன் அப்படிச் செய்தேன்? நானும் தமிழ் வழியில் படித்தவள்தான். பி.எட். முடித்து வந்த பிறகும் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் ஆங்கிலத்தில் பேச எனக்குப் பயம். குழந்தைகளுக்குப் புரியட்டும் என்றுதான் தமிழில் சொல்கிறேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் பாதி என் பயத்துக்காகத்தான்.

அதன்பிறகு நான் செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, தினமும் 5 நிமிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசினேன். நேற்றுச் சந்தைக்குப் போனது, பேருந்தைத் தவறவிட்டது என்று சின்னச் சின்னச் செய்திகள். தேவைப்பட்டால் சைகை காட்டுவேன், கரும்பலகையில் படம் போடுவேன். மொழிபெயர்க்க மாட்டேன். என்ன புரிந்தது என்று பிள்ளைகள் தமிழில் சொல்லலாம். அந்த நேரத்தில் நாம் சோதிப்பது காதைத்தான், வாயை அல்ல.

இரண்டாவது, ஒலிப்பதிவைப் போடும் முன்பே கேள்விகளைப் படிக்கச் சொன்னேன். விடை நேரமா, இடமா, எண்ணிக்கையா என்று ஊகித்து, அந்தச் சொல்லின் கீழ் கோடு போட வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் காது தானே விழித்துக்கொள்ளும்.

மூன்றாவது, ஒலிகள். 'மணி அடித்தது' என்பதை நாம் 'மணியடித்தது' என்று சேர்த்துச் சொல்வதுபோல, 'பிக் இட் அப்' ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக ஓடிவிடும். 'கேன்' தேய்ந்து ஒலிக்கும். 'கான்ட்' அழுத்தமாக வரும். 'தேர்ட்டீன்' சொல்லில் பின்பகுதியில் அழுத்தம், 'தேர்ட்டி' சொல்லில் முன்பகுதியில். தொலைபேசி எண்ணில் 'டபுள் ஃபைவ்' என்றால் இரண்டு ஐந்து. இவற்றைத் தனியாக எடுத்துப் பழக்க வேண்டும். நாமும் சொல் சொல்லாக நிறுத்தி வாசிக்காமல் இயல்பான வேகத்தில் வாசிக்க வேண்டும்.

நான்காவது, ஒரு விடை தவறிப்போனால் அதையே நினைத்துக்கொண்டிருக்காமல் அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னேன். நாளை நம் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க ஐ.இ.எல்.டி.எஸ். எழுதலாம். அதன் கேட்டல் பகுதியில் 40 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். அதனால் வகுப்பில் தொடக்கத்தில் மூன்று முறை போட்டேன், பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று என்று குறைத்தேன்.

ஐந்தாவது, மதிப்பெண் போட்டதோடு நிறுத்தவில்லை. எந்த இடத்தில் விட்டார்களோ அந்த இடத்தை மறுபடி போட்டுக் காட்டினேன். மதிப்பெண் போடுவது தேர்வு; கற்பித்தல் அங்கேதான் நடக்கிறது.

ஆய்வகம் இல்லாத தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் குரலும் ஒரு செல்பேசியும் போதும். பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் ஒரு சிறிய கதையை வாசித்துப் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்களும் ஒன்று அனுப்புங்கள். பிள்ளைகளுக்குப் புதுக் குரல் பழகும், நமக்கும் பயம் விலகும்.

சில மாதங்கள் கழித்து அதே மாணவி ஐந்துக்கு மூன்று வாங்கினாள். "ரெண்டு எதுல போச்சும்மா?" என்றேன். "ஒண்ணு புரியல டீச்சர். இன்னொண்ணு, தேர்ட்டீனைத் தேர்ட்டின்னு எழுதிட்டேன்" என்றாள்.

அந்தத் தவறு எனக்கு மகிழ்ச்சியைத் தந்தது. காது கொடுத்துக் கேட்டவள்தான் அந்தத் தவறைச் செய்ய முடியும்.