கத்திரி வெயிலில் ஆட்டுப்பட்டியும் கோழிக்கூடும்



காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்துக் காட்டுத் தோட்டங்களில் சித்திரை மாத வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். கோழிக்கூட்டைத் திறந்துவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் படிந்த பாசியைத் தேய்த்துக் கழுவி நிரப்ப வேண்டும். பட்டியின் படலை நகர்த்தி ஆடுகளை வெளியே விட வேண்டும். எல்லாம் வெயில் ஏறுவதற்குள். பத்து மணியைத் தாண்டினால் செம்மறி மேயாது. நிழலைத் தேடிப் போய், ஒன்றன் வயிற்றுக்கடியில் இன்னொன்று தலையைச் செருகிக்கொண்டு நின்றுவிடும். மறுபடி வாய் வைப்பது வெயில் தாழ்ந்த பிறகுதான்.

மேய்ச்சலுக்கு இந்தப் பகுதிக்காரர்கள் வைத்திருப்பது கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். வேலி உயிருள்ளது என்பதால் மேய்ப்பவர் கூடவே நிற்க வேண்டியதில்லை. கோடையில் புல் காய்ந்து சருகானாலும் மரம் கைவிடாது: உதிர்ந்த வெள்வேல நெற்றை ஆடுகள் போட்டி போட்டுப் பொறுக்கும். மழை குறைந்த நாட்டில் மேச்சேரிச் செம்மறியைக் காப்பாற்றி வந்த ஏற்பாடு இது. தீவனக் கடை இல்லாத காலத்தில் இதை யோசித்து அமைத்தவர்களை மெச்சத்தான் வேண்டும்.

ஆட்டைவிடக் கோழிக்குத்தான் வெயில் அதிகத் தொல்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. அதன் உடம்புச் சூடு இயல்பிலேயே 41 டிகிரிக்கு மேல். வெளியே வெப்பம் 38, 39 என்று ஏறும்போது, இறக்கையை அகட்டி, வாயைப் பிளந்து, இளைத்து இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அப்படி இளைக்கும்போது மூச்சோடு கரியமிலவாயு கூடுதலாக வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் அமிலச் சமநிலை மாறி, முட்டை ஓட்டுக்குச் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்து குறைகிறது. ஓடு மெலிந்த முட்டையும், சில நாள் ஓடே இல்லாத தோல்முட்டையும் வருவது இதனால்தான். கோழிக்கு வயதாகிவிட்டது என்று அதைச் சந்தைக்கு அனுப்பிவிடுபவர்களும் உண்டு. பாவம், அதற்குத் தேவை நிழலும் தண்ணீரும்.

தண்ணீர் என்றால் வெறும் தண்ணீர் போதாது, குளிர்ந்த தண்ணீர். மாடியில் இருக்கும் கருப்புத் தொட்டியிலிருந்து குழாய்வழி வரும் நடுப்பகல் தண்ணீரைக் கோழி சீண்டாது. நிழலில் பாதி புதைத்த மண்சட்டியில் ஊற்றி, உச்சிவேளையில் ஒருமுறை மாற்றினால் குடிக்கும். தீவனத்தையோ விடிகாலையிலும் சாயங்காலத்திலும் மட்டும் போடுவது நல்லது; செரிமானமும் உடம்பில் சூட்டைக் கிளப்பும்.

கோடையில் வீட்டுப் பெண்கள் அதிகம் அலுத்துக்கொள்வது கூமுட்டையைப் பற்றி. பன்னிரண்டு முட்டையை அடை வைத்து, 21 நாள் காத்திருந்து, நாலு குஞ்சுதான் கிடைத்தது என்றால் யாருக்குத்தான் மனம் ஆறும்? பழி இடியின் மேல் விழும். இடி இடித்தால் முட்டை கலங்கிவிடும் என்று அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கோடை இடி பாவம், அதே மாதத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது. உண்மையில் முட்டை கெடுவது பெரும்பாலும் அடை வைப்பதற்கு முன்பே. 25 டிகிரியைத் தாண்டினாலே உள்ளே இருக்கும் கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். ஆனால் முழுதாக வளர 37 டிகிரிக்கு மேல் சீரான சூடு வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே பகலில் சூடேறி, இரவில் ஆறி, மறுபடி சூடேறி, அரைகுறையாக வளர்ந்த கரு செத்துப்போகிறது. அதன் மேல் எந்தக் கோழி உட்கார்ந்தாலும் பொரிக்காது.

இதற்குப் பழைய மண்பானையே போதும். பானையில் மணலை நிரப்பித் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து, மேலே துணி விரித்து முட்டைகளை அடுக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைக்காமல் அடை வைத்துவிட வேண்டும். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் ரத்த நரம்பு ஓடும் முட்டை எது, வெறும் முட்டை எது என்று தெரிந்துவிடும். அடைக்கூடையில் நொச்சித் தழை போட்டால் பேனும் செள்ளும் அண்டாது என்பார்கள்.

வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் இந்தப் பாடெல்லாம் வீண். ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும். தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் தடுப்பூசி முகாம் நடத்துவது கோடையை மனத்தில் வைத்துத்தான். மருந்து உயிருள்ள கிருமியால் ஆனது; சூடுபட்டால் வீரியம் போய்விடும். ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் எடுத்து வராமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெயிலில் வண்டி ஓட்டி வந்தால், ஊசி போட்டும் கோழி சாகும்.

இரவுக்கு வேறு பயம். காற்றுக்காக ஆடுகளைத் திறந்த வெளிப் பட்டியில் அடைப்பார்கள். கிளுவை வேலி ஆட்டை உள்ளே நிறுத்தும். நாயை வெளியே நிறுத்தாது. அண்மை ஆண்டுகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதற்கு இழப்பீடு கேட்டு, இந்தப் பகுதி விவசாயிகள் சாலையில் இறங்கிப் போராடினார்கள்.

கடைசியாகக் கோடை மழை. ஊரே மகிழும் நேரத்தில் ஆடு வளர்ப்பவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. வாடிக் கிடந்த சோளம் மழைக்குப் பின் துளிர்க்கும்போது அந்த இளந்தளிரில் சயனைடு நஞ்சு மிகுந்திருக்கும். பசியோடு போய் மேய்ந்த ஆடு கொஞ்ச நேரத்தில் சாய்ந்துவிடும். புதுப்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி நோய் தாக்கும். அதிலும் பட்டியில் வாட்டசாட்டமாக இருக்கும் குட்டிதான் முதலில் துள்ளி விழும். ஆகவே மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட்டு, முதல் சில நாள் காலையில் காய்ந்த தட்டைக் கடிக்கக் கொடுத்து, பனி உலர்ந்த பிறகே படலைத் திறக்கிறார்கள். சோளக்காட்டுப் பக்கம் மட்டும் ஒரு ஆள் கோலோடு நிற்கிறார்.