வயிற்றுப் புண்ணும் மருந்தும்



நெஞ்சுக்குழியில் எரிச்சல் கண்டால் நாம் காரத்தைக் குறைக்கிறோம். கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வயலுக்குப் போகிறோம். வலி அடங்குகிறது, சில மாதங்களில் திரும்பவும் வருகிறது. வலி தணிந்ததேயன்றி அதன் காரணம் நீங்கவில்லை என்பதே இதன் பொருள்.

வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற மருத்துவர்கள் 1982ஆம் ஆண்டில் இதனை வளர்த்துக் காட்டினர். பலர் நம்ப மறுக்கவே, 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்தார்; சில நாட்களில் அவருடைய இரைப்பை அழற்சியுற்றது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மற்றொரு காரணம் வலி மாத்திரை. நாற்று நட்ட இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் நாள்தோறும் விழுங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை இரைப்பையின் காப்புப் படலத்தைக் குலைக்கின்றன. இவற்றை மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. இதய நோய்க்கு ஆஸ்பிரின் உண்போர் அதனைத் தாமாக நிறுத்தவும் கூடாது, மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

கிருமி உண்டா என்பதை மலம், மூச்சு ஆகியவற்றின் சோதனையாலும், குழாய் வழியே இரைப்பையைப் பார்த்தும் அறியலாம். இருந்தால், அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மருந்துடன், கிருமியைக் கொல்லும் மருந்துகள் இரண்டோ மூன்றோ சேர்த்துத் தருவார்கள். சிகிச்சை பெரும்பாலும் 14 நாட்கள் நடைபெறும். பென்சிலின் ஒவ்வாதவர்கள் முன்னரே தெரிவிக்கவேண்டும்.

ஐந்தாம் நாளே வலி நின்றுவிடலாம். அத்துடன் மருந்தை நிறுத்துவது, களையை வேரோடு பறிக்காமல் மேலே அறுத்துவிடுவதைப் போன்றது. எஞ்சிய கிருமி மீண்டும் பெருகும். அடுத்த முறை அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம். மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்துக் கிருமி ஒழிந்ததா என்று மறுபடியும் சோதிப்பது நலம்.

மலம் தார்போல் கறுத்தாலும், இரத்த வாந்தி கண்டாலும், திடீரெனப் பொறுக்க முடியாத வலி எழுந்தாலும் மாத்திரை தேடிக் காலம் கடத்தாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் அடுத்த கிராம சபையில் இச்செய்தியை எடுத்துரைக்கவேண்டும். சுத்தமான குடிநீரும் கழிப்பிடமும் ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கச் செய்வதும் இக்கிருமியைத் தடுக்கும் பணியேயாகும்.