ஊர் வாங்கும் கடனுக்கு ஊரை ஒரு வார்த்தை கேட்கணுமா?

(திண்டுக்கல் நகரவாசிகளுக்கான உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி, வீட்டில் இருக்கிறவங்களை ஒரு வார்த்தை கேட்போம். கேட்காமல் வைத்துவிட்டால் அன்றைக்கு சாயங்காலமே சண்டைதான். கடன் வாங்கியது தப்பு என்பதற்காகச் சண்டை வராது. "என்னை ஏன் கேட்கலை?" என்பதுதான் சண்டை.

ஊருக்கும் இதே கேள்வி உண்டு. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், மார்க்கெட் கட்டிடம் என்று எதையாவது கட்ட மாநகராட்சியோ நகராட்சியோ கடன் வாங்கும். அதைத் திருப்பிக் கட்டுவது நம்முடைய சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை. அப்படியென்றால், "எங்ககிட்ட ஒரு ஓட்டெடுப்பு வைத்துவிட்டுக் கடன் வாங்குங்க" என்று குடியிருப்போர் சேர்ந்து மனு கொடுக்க முடியுமா? கொடுத்தால் என்ன நடக்கும்? இதைத்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

கடன் எதுக்கு?

திண்டுக்கல் 1866-ல் நகராட்சி ஆனது. 2014-ல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. இன்று 48 வார்டுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரத்தில் 2,07,327 பேர். இத்தனை பேருக்குத் தண்ணீர் கொண்டுவருவதும், கழிவுநீரை வெளியேற்றுவதும் ஒரு வருஷ வரி வசூலில் முடிகிற வேலை இல்லை.

அதனால் உள்ளாட்சிகள் கடன் வாங்குகின்றன. தமிழ்நாட்டில் இதற்கென்றே அமைப்புகள் உண்டு. 1990-ல் தொடங்கிய டுஃபிட்கோ ஒன்று. 1996-ல் உருவான தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் இன்னொன்று. சில மாநகராட்சிகள் கடன் பத்திரம் வெளியிட்டு முதலீட்டாளர்களிடமே பணம் திரட்டியிருக்கின்றன. மதுரை மாநகராட்சி 2001-ல் உள்வட்டச் சாலைக்காக 30 கோடி ரூபாய் இப்படித் திரட்டியது. பெருநகர சென்னை மாநகராட்சி 2025-ல் மழைநீர் வடிகால் பணிக்காக 200 கோடி ரூபாய் திரட்டியது.

கடன் என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு பாதாளச் சாக்கடைக் குழாய் பல வருஷம் உழைக்கும். இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் நாளைக்கு அதைப் பயன்படுத்தும். முழுச் செலவையும் இந்த வருஷம் வரி கட்டுகிறவர் தலையில் போடாமல், பயன்படுத்தப்போகிற எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் நீண்ட காலக் கடன்.

ஒரு சின்னக் கணக்கு

புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். போன்ல கால்குலேட்டரை எடுத்துக்கோங்க.

ஒரு நகரம் 10 கோடி ரூபாய் கடன் வாங்குகிறது. வட்டி 8 சதவீதம், தவணைக் காலம் 15 வருஷம், வருஷத்துக்கு ஒரு சமத் தவணை. அப்படியானால் வருஷத் தவணை ஏறக்குறைய 1 கோடியே 17 லட்சம். 15 வருஷத்தில் மொத்தம் கட்டுவது சுமார் 17 கோடியே 50 லட்சம். அந்த நகரத்தில் 50,000 வீடுகள் இருந்தால், ஒரு வீட்டின் பங்கு வருஷத்துக்குச் சுமார் 234 ரூபாய்.

234 ரூபாய் பெரிய பாரம் இல்லை என்று தோன்றும். ஆனால் கடன் 10 கோடியாக இல்லாமல் 100 கோடியாக இருந்தால்? அதே கணக்கில் 2,340 ரூபாய். தீப்பெட்டி மாதிரி வீட்டில் இருக்கிறவருக்கு அது ஒரு வருஷ வரியைவிட அதிகமாகக்கூட இருக்கலாம்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்க. அரசியல் சட்டப்படி நகர்மன்றத்தின் காலம் 5 வருஷம். தவணையோ 15 வருஷம். இன்று கையெழுத்துப் போடுகிற மன்றம் போன பிறகும், அடுத்த இரண்டு மன்றங்கள் கட்ட வேண்டிய கடன் இது. அதனால்தான் "எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்ற கேள்விக்கு எடை இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். உள்ளாட்சிக் கடனுக்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் இல்லை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்திலும் அப்படி ஒரு வாக்கெடுப்பு கிடையாது. நாம் ஓட்டுப் போட்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிறோம். நம் சார்பில் மன்றம் தீர்மானம் போடுகிறது. மாநில அரசின் அனுமதி பெற்றுக் கடன் வாங்குகிறது. இதுதான் முறை.

இதன் அடியில் இருப்பது ஒரு பழைய மத்தியச் சட்டம்: உள்ளாட்சி அமைப்புகள் கடன் சட்டம், 1914. தங்கள் நிதியை ஈடாகக் காட்டி உள்ளாட்சிகள் கடன் வாங்கலாம் என்கிறது அது. கட்டத் தவறினால் அந்த நிதியையே பற்றுகை செய்யவும் வழி வைத்திருக்கிறது. அதோடு, கடன் விண்ணப்பங்களை விசாரிப்பது எப்படி, அவற்றின் விவரங்களை வெளியிடுவது எப்படி என்று விதிகள் செய்ய அரசுக்கு அதிகாரமும் கொடுத்திருக்கிறது. ஊர்க் கடன் மூடி வைத்துச் செய்கிற காரியம் இல்லை என்ற எண்ணம் நூறு வருஷத்துக்கு முன்பே இருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது.

இன்னும் பின்னால் போனால் 1850-ம் வருஷத்து 26-வது சட்டம். ஊரை மேம்படுத்த வரி போடுவதற்கான அந்தச் சட்டத்தை, ஊர் மக்கள் விரும்பிக் கேட்டால்தான் அந்த ஊரில் நடைமுறைப்படுத்த முடியும். வரியை யார் விரும்பிக் கேட்பார்கள்? சென்னை மாகாணத்தில் அது அதிகம் பரவவில்லை. பிறகு 1865-ல் வந்த ஊர் மேம்பாட்டுச் சட்டத்தின் காலத்தில்தான் திண்டுக்கல் நகராட்சி பிறந்தது. மக்களைக் கேட்பது என்பது நமக்குப் புதுசு இல்லை. கேட்டால் வேலை நடக்குமா என்ற கவலையும் புதுசு இல்லை.

ஓட்டெடுப்பு நடக்கும் ஊர்கள்

சுவிட்சர்லாந்தில் பல உள்ளூர் அமைப்புகள் பெரிய செலவுகளை மக்கள் வாக்கெடுப்புக்கு விடுகின்றன. அமெரிக்காவின் பல மாநிலங்களில், சொத்து வரியை நம்பி ஊர் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமென்றால் வாக்காளர்கள் சம்மதிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் நகரங்களின் இப்படிப்பட்ட கடனுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவை. பள்ளிக் கட்டிடக் கடனுக்கு மட்டும் நிபந்தனைகளோடு 55 சதவீதம் போதும் என்று 2000-ல் மாற்றினார்கள்.

நன்மை என்னவென்றால், எதற்காகக் கடன், எவ்வளவு, யார் கட்டுவது என்று ஊருக்கு முன்னால் விளக்கியே ஆக வேண்டும். சிக்கல் என்னவென்றால், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்கள் வேண்டாம் என்றாலே, மற்ற எல்லோருக்கும் தேவையான குழாய் நின்றுவிடும். மேட்டுத் தெருக்காரருக்கு வடிகால் அவசரம் இல்லை. பள்ளத்துத் தெருக்காரருக்கு ஒவ்வொரு மழைக்கும் அவசரம்.

யார் ஓட்டுப் போடலாம் என்பதும் பிரச்சினையாக வந்தது. சொத்து உள்ளவர்கள் மட்டும்தான் கடனைப் பற்றி முடிவு செய்யலாம் என்று ஒரு மாநிலத்தில் இருந்த விதியை, 1970-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வாடகைக்கு இருப்பவரும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார். வரி உயர்ந்தால் வாடகையும் உயரும். நாகல்நகரிலோ பேகம்பூரிலோ வாடகை வீட்டில் இருக்கிறவருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆலந்தூர் காட்டிய வழி

ஓட்டுப்பெட்டி இல்லாமலே மக்களைக் கேட்ட ஊர் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. இன்று பெருநகர சென்னை மாநகராட்சியில் இருக்கும் ஆலந்தூர், அப்போது தனி நகராட்சி. 1990-களின் பின்பகுதியில் அங்கே பாதாளச் சாக்கடை கட்ட முடிவு செய்தார்கள். செலவு 30 கோடியைத் தாண்டும். நகராட்சியால் தனியாகத் தாங்க முடியாத தொகை.

முதலில் மக்களுக்கு இது வேண்டுமா, இதற்குப் பணம் கட்டுவார்களா என்று கேட்டார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்களோடு கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய் என்று வைப்புத்தொகை நிர்ணயித்தார்கள். குழாய் பதிப்பதற்கு முன்பே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தப் பணத்தைக் கட்டின. அந்த நம்பிக்கையின் மேல்தான் நகர்ப்புற வளர்ச்சி நிதியம், டுஃபிட்கோ ஆகியவற்றின் கடன் நின்றது. ஆலந்தூர் மக்கள் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தவில்லை. வைப்புத்தொகை ரசீதுதான் அவர்களுடைய ஓட்டு.

இதிலிருந்து நமக்கு என்ன? சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் உள்ளாட்சி மக்களைக் கேட்கலாம். கேட்டால் கடன் கட்டுவதும் சுலபமாகும். ஏனென்றால் எதற்காகக் கட்டுகிறோம் என்று தெரிந்துதான் மக்கள் கட்டுகிறார்கள்.

திண்டுக்கல்லில் நீங்கள் என்ன செய்யலாம்?

ஒன்று: தகவல் கேளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் "மாநகராட்சி இத்தனை கோடி கடனாம்" என்று வருவதை அப்படியே ஃபார்வேர்டு செய்யாதீங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். கேட்க வேண்டியவை இவை:

– கடன் பற்றிய மன்றத் தீர்மானத்தின் நகல்
– கடன் கொடுக்கும் அமைப்பு, தொகை, வட்டி, தவணைக் காலம்
– எந்த வருமானத்திலிருந்து திருப்பிக் கட்டப்படும்
– ஏற்கெனவே உள்ள கடன் பாக்கி
– கடைசியாக வந்த உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கை

இரண்டு: பகுதி சபைக்குப் போங்கள். வார்டு கமிட்டி, 3 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில்தான் அரசியல் சட்டப்படி கட்டாயம். ஆனால் தமிழ்நாடு அரசு 2022-ல் வார்டு கமிட்டி, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் பகுதி சபைகள் கூடின. கிராமசபை மாதிரி நகரத்துக்கு ஒரு சபை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், சொந்த வீடு, வாடகை வீடு என்ற பேதம் இல்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்.

நகரத்தை ஒட்டிய கிராம ஊராட்சிகளில் இருக்கிறவர்களுக்குக் கிராமசபையே இருக்கிறது. வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

மூன்று: மனு கொடுங்கள். "வாக்கெடுப்பு நடத்துங்கள்" என்று மட்டும் எழுதினால், "சட்டத்தில் இடமில்லை" என்ற ஒற்றை வரிப் பதிலோடு மனு முடிந்துவிடும். சட்டத்துக்குள் செய்யக்கூடியதைக் கேளுங்கள். இப்படி:

"ஐயா / அம்மையீர், ... பணிக்காக ... ரூபாய் கடன் பெறும் கருத்துரு மன்றத்தில் வைக்கப்பட உள்ளதாக அறிகிறோம். தீர்மானம் நிறைவேற்றும் முன், திட்ட மதிப்பீடு, வட்டி, தவணை, வரி மற்றும் கட்டணத்தில் ஏற்படும் மாற்றம் ஆகியவற்றைத் தமிழில் வெளியிட்டு, எல்லா வார்டுகளிலும் பகுதி சபைகளில் விளக்கி, மக்களின் கருத்தைப் பதிவு செய்து, அந்தப் பதிவை மன்றத்தின் முன் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கீழே பெயர், வீட்டு எண், தெரு, வார்டு எண், கையெழுத்து. இவ்வளவு போதும். ஆதார் எண், ஓடிபி எதுவும் மனுவுக்குத் தேவையில்லை. யாராவது லிங்க் அனுப்பி அவற்றைக் கேட்டால் கொடுக்காதீங்க. மனுவை மாநகராட்சி ஆணையரிடம் கொடுத்து, நகலில் ஒப்புகை முத்திரை வாங்கி, போன்ல போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகலைக் கவுன்சிலருக்குக் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்.

மனு என்ன செய்யும், என்ன செய்யாது?

நூறு பேர் கையெழுத்துப் போட்டாலும் ஆயிரம் பேர் போட்டாலும், மன்றம் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று சட்டம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே மனு கொடுப்பது நல்லது. ஆனால் பதிவான கேள்விக்கு ஒரு பலம் உண்டு. உங்கள் கவுன்சிலர் மன்றத்தில் எழுந்து பேச அது கையில் ஒரு தாள். "மக்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று யாரும் சும்மா எழுதிவிட முடியாது. கடன் தேவைதான் என்று விளக்கத்தில் தெரிந்தால், அதை ஆதரித்தும் எழுதுங்கள். வடிகால் வேண்டும் என்று கேட்டுவிட்டு அதற்கான கடனும் வேண்டாம், வரியும் வேண்டாம் என்றால், வேலை எப்படி நடக்கும்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த அரையாண்டு சொத்து வரி ரசீதைப் போன்ல ஒரு தடவை திறந்து பாருங்க. அது ஊர்க் கணக்கில் உங்கள் பங்கு. ஊர் எவ்வளவு கடன் வைத்திருக்கிறது என்று கேட்கிற உரிமை அந்த ரசீது உள்ளவருக்கும் உண்டு, ரசீது இல்லாமல் வாடகை கொடுப்பவருக்கும் உண்டு. அடுத்த பகுதி சபையில் அதைக் கேட்டுப் பாருங்கள்.